முதுகு நம்முடையது, முடிவெடுப்பதில் நமக்கும் பங்கு வேண்டும்

கை துண்டானால் விபத்து. கால் நசுங்கினால் விபத்து. ரத்தம் வருகிறது, நாலு பேர் ஓடி வருகிறார்கள், பதிவேட்டில் ஒரு வரியாவது எழுதப்படுகிறது. முதுகு போனால் என்ன நடக்கிறது? ரத்தமும் இல்லை, சத்தமும் இல்லை. மூட்டையை இறக்கியவன் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "வாயுப் பிடிப்பு, ஒன்றுமில்லை" என்கிறார் சூப்பர்வைசர். இரவு தைலம். மறுநாள் அரைநாள் சம்பளம் பிடித்தம். ஆறு மாதம் கழித்து, "உடம்பு ஒத்துழைக்கவில்லை போலிருக்கிறது, ஊருக்குப் போய்க் கொஞ்சநாள் இருந்துவிட்டு வா" என்று காண்டிராக்டர் மிகுந்த அன்போடு கணக்கு முடித்து அனுப்புகிறார். நாகர்கோவில் எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியில் உட்காரவும் முடியாமல், படுக்க இடமும் இல்லாமல் ஊர் திரும்பும் முப்பத்தைந்து வயதுக் கிழவர்களை இந்த மும்பையில் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கட்டாயமாக அரசுக்கு அறிவிக்கவேண்டிய தொழில் நோய்களுக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. ஈய நஞ்சு, நுரையீரலில் மணல் தூசி படியும் சிலிக்கோசிஸ், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை எல்லாம் அதில் இருந்தன. முதுகு இல்லை. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் முதுகு இல்லை. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமான ஐ.எல்.ஓ. 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் தசை, எலும்பு, மூட்டு நோய்களுக்கென்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் உழைப்பாளியின் முதுகு இன்னும் தென்படவில்லை.

முதுகு ஏன் போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கடப்பாரையால் கல்லை நெம்பியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதுகெலும்பு நெம்புகோல் தாங்கும் இடம். அதற்குப் பின்னால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்தில் முதுகுத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. சுமையோ முன்னால், கை நீண்ட அளவுக்கு, 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பத்துக்கு ஒன்று என்ற கணக்கு. 20 கிலோப் பெட்டியைக் கையை நீட்டிப் பிடித்தால் முதுகுத் தசை ஏறத்தாழ 200 கிலோ விசையோடு இழுத்தாக வேண்டும். குனிந்திருந்தால் நம் மேலுடம்பின் பாரமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். இவ்வளவு அழுத்தமும் எலும்புக் கண்ணிகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டின் மீது இறங்குகிறது. அதே 20 கிலோவை இடுப்பு உயரத்தில், உடம்போடு அணைத்து எடுத்தால் பாரம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே, சுமை எத்தனை கிலோ என்பது பாதிக் கேள்விதான். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்குப் போகிறது, ஒரு ஷிப்டில் எத்தனை தடவை என்பதெல்லாம் சேர்ந்ததே முழுக் கேள்வி. ரயில்வே பார்சல் வேபில்லில் எடைக்கு ஒரு கட்டம் உண்டு. அந்தப் பார்சலுக்காக ஒருவன் எத்தனை தடவை குனிந்தான் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

நமக்குத் தெரிந்த ஒரு வேலையையே எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் வார்க்கும் பட்டறைகளுக்குக் குருணை 25 கிலோ மூட்டையாக வருகிறது. மூட்டை தரையில் கிடக்கும். அதைக் கொட்டவேண்டிய ஹாப்பரின் வாயோ ஆள் உயரத்தில் இருக்கும். ஒருவன் குனிந்து, தூக்கி, தோளுக்கு ஏற்றி, தலைக்குமேல் கவிழ்க்கிறான். ஒரு ஷிப்டில் 80 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் தூக்கியது 2,000 கிலோ, அதாவது இரண்டு டன். மூட்டை சிறியது என்று முதலாளி நினைக்கிறார். நம் ஆளும் அப்படித்தான் நினைக்கிறான்.

அமெரிக்க அரசின் தொழில் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சுமை தூக்குவதற்கு ஒரு கணக்கு முறை வகுத்திருக்கிறது. 1981இல் வெளியிட்டு 1991இல் திருத்தினார்கள். எல்லாம் சாதகமாக, சுமை இடுப்பு உயரத்தில், உடம்பை ஒட்டி இருந்தால் 23 கிலோ வரை தூக்கலாம் என்று அது தொடங்குகிறது. ஒவ்வொரு பாதகத்துக்கும் அந்த 23இலிருந்து குறைத்துக்கொண்டே வரவேண்டும். நம் பட்டறைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தரையிலிருந்து எடுக்கிறான், சுமை உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, 150 சென்டிமீட்டர் மேலே ஏற்றுகிறான். விடை ஏறத்தாழ ஏழரைக் கிலோ! அடிக்கடி தூக்குவது, உடம்பைத் திருப்புவது, பிடிக்கக் கைப்பிடி இல்லாதது எல்லாவற்றையும் சேர்த்தால் இன்னும் இறங்கும். 25 கிலோ எங்கே, ஏழரைக் கிலோ எங்கே!

சட்டம் என்ன சொல்கிறது? காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்று பழைய சட்டத்தின் 34ஆவது பிரிவு சொன்னது. மனிதன் தூக்கும் சுமை பற்றி ஐ.எல்.ஓ. 1967இல் நிறைவேற்றிய 127ஆம் உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்றுக் கையெழுத்திட்டது. உறுதிசெய்ய 43 ஆண்டுகள். அதனோடு வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. இன்ஸ்பெக்டர் தராசை எடுத்து வந்தால் நம் 25 கிலோ மூட்டை சட்டத்துக்குள் அடக்கம்! தராசு தூரத்தை அளக்காது, உயரத்தை அளக்காது, எண்பது தடவையை எண்ணாது. அதை எண்ணக்கூடியவன் தூக்குகிறவன் ஒருவனே.

இங்கேதான் நமது வாதம் தொடங்குகிறது.

முதுகுவலி என்று நாலு பேர் சொன்னதும் நிர்வாகங்கள் வழக்கமாகச் செய்வது இரண்டு காரியம். ஒன்று, "முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை" என்று சுவரில் படம் ஒட்டுவது. இன்னொன்று, இடுப்புக்குப் பட்டை வாங்கிக் கொடுப்பது. இரண்டிலும் குறை தொழிலாளியிடம் இருப்பதாகவே பொருள். வேலை சரியாக இருக்கிறதாம். உனக்குத்தான் தூக்கத் தெரியவில்லையாம்! தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து முதுகுவலியைத் தடுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று, முன்பு நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பீடு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இடுப்புப் பட்டை ஆரோக்கியமான தொழிலாளியின் காயத்தைத் தடுக்கும் என்று நம்பப் போதிய காரணம் இல்லையென்று நியோஷ் 1994லேயே சொல்லிவிட்டது. சற்று யோசித்தாலே தெரியும். இரண்டு முழங்காலுக்கு நடுவே அடங்காத அகலமான பெட்டியை உட்கார்ந்து எடுத்தால், பெட்டி முழங்காலுக்கு வெளியே தள்ளிப்போகிறது. முதுகுக்குப் பாரம் கூடுகிறது. படம் வரைந்தவர் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர் அல்ல.

மாற்றவேண்டியது வேலை அமைந்திருக்கும் விதத்தை. மூட்டையைத் தரையில் போடாமல் இடுப்பு உயர மேடையில் இறக்கலாம். ஹாப்பர் அருகே இரண்டு படி வைத்த அகலமான மேடை போடலாம். மூட்டையைத் தூக்காமல் அங்கேயே பிரித்து, சிறு வாளியால் அள்ளிக் கொட்டலாம். வசதியுள்ள ஆலையானால் குருணையைக் குழாய் வழியே உறிஞ்சி ஏற்றும் இயந்திரமே இருக்கிறது. இதில் எது இந்தப் பட்டறைக்குப் பொருந்தும் என்பதை யார் சொல்வது? என்ஜினீயர் சொல்லலாம், அவருடைய கணக்கு நமக்கும் வேண்டியதுதான். ஆனால் மழைக்காலத்தில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, எந்தச் சாக்கு கிழிந்து வருகிறது, மூன்றாவது மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் திரும்ப முடியாமல் இடுப்பை முறுக்கவேண்டியிருக்கிறது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது. எத்தனையோ பட்டறைகளில் மூலையில் தூசி படிந்து நிற்கும் புத்தம்புது டிராலியைப் பாருங்கள். சக்கரம் சிறியது, வாசற்படி ஏறாது. வாங்குவதற்கு முன்னால் தள்ளப்போகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

தொழிலாளியைக் கேட்பது என்பது கருணையால் வந்ததல்ல. போராடி வாங்கிய வரலாறு அதற்கு உண்டு. 1960களில் இத்தாலியின் டூரின் நகரில், பியட் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இவார் ஒட்டோனே என்ற மருத்துவரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். ஒட்டோனே பாசிச எதிர்ப்புப் போரில் பங்கெடுத்தவர். மருத்துவர் ஒருவர் ஆலைக்குள் வந்து அளந்து தீர்ப்புச் சொல்லும் முறையை அவர்கள் ஏற்கவில்லை. ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்யும் தொழிலாளர்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து, தங்களை எது வருத்துகிறது என்று தாங்களே பேசி, தாங்களே வரைபடத்தில் குறித்தார்கள். வெளிச்சம், இரைச்சல், வெப்பம் ஒரு வகை. தூசி, புகை, வாயு இரண்டாவது வகை. உடல் உழைப்பின் களைப்பு மூன்றாவது. வேகம், சலிப்பு, கோணலாக நிற்பது போன்றவை நான்காவது. எந்த அளவும் அந்தக் குழு ஒப்புக்கொண்ட பிறகே செல்லும். உடல்நலத்தைப் பற்றிய தீர்மானத்தை வேறு யாரிடமும் ஒப்படைப்பதில்லை என்பது அவர்களது முதல் கொள்கை. உடல்நலம் விற்பனைக்கல்ல என்பது அவர்களது முழக்கம். அதாவது ஆபத்தான வேலைக்குக் கூடுதல் படி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வதில்லை என்று முடிவு செய்தார்கள். உலோகத் தொழிலாளர் சங்கம் இந்த முறையை 1969இல் சிறு புத்தகமாக அச்சிட்டுப் பரப்பியது. 1970 மே மாதம் வந்த தொழிலாளர் உரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, தங்கள் உடல்நலப் பாதுகாப்பைத் தங்கள் பிரதிநிதிகள் மூலம் கண்காணிக்கும் உரிமையை இத்தாலியத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தது.

நம் நாட்டில் அப்படி ஒரு கதவு திறக்கப் போபாலில் ஆயிரக்கணக்கானோர் சாகவேண்டியிருந்தது. 1984 டிசம்பருக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில் நடக்கும் ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 41-ஜி என்ற பிரிவு சேர்ந்தது. புதிய தொகுப்புச் சட்டத்திலும் பாதுகாப்புக் குழு உண்டு. தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகப் பிரதிநிதிகளைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் எந்த ஆலைக்குக் குழு என்பது அரசு ஆணை போட்டால்தான். அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே முன்பு அது தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேர் 40 ஆகிவிட்டது. தாராவியிலும் சாக்கிநாக்காவிலும் எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் வேலை செய்யும் கொட்டடிகளில் இருக்கும் நம் மக்கள் எந்தக் குழுவில் உட்காரப் போகிறார்கள்? பெரிய ஆலையிலும்கூட நாற்காலியில் அமர்பவர் நிரந்தரத் தொழிலாளி. சுமப்பவன் காண்டிராக்டர் ஆள்.

நிற்க. "பங்கேற்பு" என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடக் கூடாது. முதலாளிகளும் இன்று இந்தச் சொல்லை வாய்நிறையப் பேசுகிறார்கள். யோசனைப் பெட்டி வைக்கிறார்கள், நல்ல யோசனைக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் கைதட்டலும் தருகிறார்கள். நம் ஆள் சொன்ன யோசனையால் ஒரு மூட்டைக்கு ஆகும் நேரம் பாதியாகிறது. மறுமாதம் எண்பது மூட்டை நூற்றிருபது ஆகிறது, அல்லது இரண்டு பேரில் ஒருவருக்குச் சீட்டுக் கிழிகிறது. முதுகுக்காகச் சொன்ன யோசனை முதுகிலேயே வந்து விழுகிறது. ஆகையால் நமது நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: மிச்சமாகும் நேரம் ஓய்வாக வரவேண்டும், ஆள் குறைப்பு கூடாது, பீஸ் ரேட் குறையக் கூடாது. இந்த மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் யோசனையை நம் மனத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

குழு அமைத்தாலே வலி தீர்ந்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. பின்லாந்தில் நகராட்சிச் சமையற்கூடங்கள் 119இல் தொழிலாளர்களையே கூட்டிவைத்து வேலையைத் திருத்தும் முயற்சி ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2008இல் வந்தது. தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்களைச் செய்திருந்தார்கள். ஆனால் வலி குறைந்ததாகத் தெரியவில்லை. நம் எதிரிகள் இதை எடுத்துக் காட்டுவார்கள், காட்டட்டும். அந்தக் காலத்தில் பல சமையற்கூடங்களில் நிர்வாக மாற்றங்களும் நடந்துகொண்டிருந்தன. மேசையை உயர்த்தலாம், அலமாரியைத் தாழ்த்தலாம். எத்தனை பேர், எவ்வளவு வேலை, என்ன வேகம் என்பதைத் தொடாமல் மற்றதைத் தொட்டால் பலன் குறைவாகவே இருக்கும் என்பது நமது கருத்து. வேகத்தைப் பற்றிப் பேசும் அதிகாரம் இல்லாத குழு பாதிக் குழுதான்.

சிறு பட்டறைக்காரர்களுக்கு வழியே இல்லையா? இந்த மகாராஷ்டிரத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. மூட்டை சுமக்கும் மாத்தாடித் தொழிலாளிக்கு ஒரே முதலாளி கிடையாது. காலையில் ஒரு கடை, மாலையில் ஒரு கோடவுன். அப்படிப்பட்டவர்களுக்காக அண்ணாசாகேப் பாட்டீல் போன்றவர்கள் போராடி, 1969இல் மாத்தாடி, ஹமால் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளர், முதலாளி, அரசு என்று மூன்று தரப்பும் அமரும் வாரியங்கள் ஏற்பட்டன. ஒவ்வொரு கொட்டடிக்கும் ஒரு குழு வைக்க முடியாது என்பது உண்மை. ஒரு பேட்டைக்கு ஒரு குழு வைக்க என்ன தடை? தோல் பட்டறைகளுக்கு ஒன்று, பிளாஸ்டிக் பட்டறைகளுக்கு ஒன்று, தையல் கொட்டடிகளுக்கு ஒன்று என்று வட்டாரக் குழு கேட்போம்.

தையல் என்றதும் நம் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் 25 கிலோ தூக்குவதில்லை. நாள் முழுவதும் தரையில் கூனி உட்கார்ந்து நூல் வெட்டுகிறார்கள். வட்டுக்கு நேரடியான ரத்த ஓட்டம் மிகக் குறைவு. உடம்பு அசைய அசையத்தான் அதற்குச் சத்து போகிறது. ஆகவே அசையாமல் இருப்பதும் ஒரு சுமைதான். வீட்டுக்கு வந்தால் குடம் காத்திருக்கிறது. பதினைந்து லிட்டர் என்றால் பதினைந்து கிலோ, அதுவும் ஒரே பக்கத்து இடுப்பில். குழுவில் அவர்கள் இல்லாமல் பேசப்படும் முதுகு பாதி முதுகு.

இப்போதே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்கிறோம். இ.எஸ்.ஐ. உள்ள இடத்தில் வேலை செய்யும் தோழர்கள் கவனிக்கவும். வேலை செய்யும்போது முதுகு பிடித்தால் அன்றைக்கே, அந்த ஷிப்டிலேயே, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். என்ன தூக்கும்போது, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார் என்பது வரவேண்டும். இது சாதாரண விஷயமல்ல. வெறும் "நோய்" என்று பதிவானால் சம்பளத்தில் 70 விழுக்காடு, அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான். "வேலையில் ஏற்பட்ட காயம்" என்று ஏற்கப்பட்டால் 90 விழுக்காடு, இயலாமை தீரும்வரை. எழுதாமல் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் அந்த வித்தியாசத்தைத் தானே இழந்துவிடுகிறான். எல்லா முதுகுவலியும் வட்டு விலகியதல்ல. பெரும்பாலானவை சில வாரங்களில் தணியும், முடிந்த அளவு நடமாடுவதே நல்லது. ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நம் ஆட்களிடமும் ஒரு வார்த்தை. "மதராசி இரண்டு மூட்டை தூக்குவான்" என்று முகாதம் சொன்னால் நெஞ்சை நிமிர்த்துகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த முகாதமும் பெரும்பாலும் நம் ஊர்க்காரரே. அண்ணன், மாமா என்று கூப்பிடும் உறவு. அதனால்தான் "முடியாது" என்ற சொல் தொண்டையில் நிற்கிறது. அவர் பழகிய மனிதர், ஊரிலிருந்து கூட்டிவந்து வேலை வாங்கிக் கொடுத்தவர், எல்லாம் சரி. அவருடைய கமிஷன் நம் மூட்டைக் கணக்கில்தான் ஏறுகிறது என்பதையும் மறக்கவேண்டாம். இரண்டு மூட்டை தூக்குகிறவனைப் பார்த்து மற்ற பத்துப் பேருக்கும் அதுவே அளவாகிறது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் ஒரே வேலை செய்யும் நாலு பேராவது சேர்ந்து வாருங்கள். ஒரு பெரிய தாளில் மனித உருவம் ஒன்றை முன்னும் பின்னும் வரைந்து, யாருக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே சிவப்புப் பென்சிலால் புள்ளி வையுங்கள். பெயர் எழுதவேண்டாம். இன்னொரு தாளில் வேலை செய்யும் இடத்தை வரையுங்கள்: மூட்டை எங்கே, மெஷின் எங்கே, எத்தனை அடி நடை, எத்தனை தடவை தூக்கல். தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதைத் தையல்காரர் டேப்பால் அளந்து எழுதுங்கள். சிவப்புப் புள்ளி எந்த இடத்தில் குவிகிறது என்று பார்த்தபின், எந்த ஒரு மாற்றத்தை முதலில் கேட்பது என்று அந்த நாலு பேரே முடிவு செய்யட்டும். மனு எழுதிக் கொடுப்பதும், லேபர் ஆபீசுக்கு உடன் வருவதும் சங்கத்தின் பொறுப்பு. முதல் மனு பிளாஸ்டிக் பட்டறைகளின் ஹாப்பர் மேடையைப் பற்றியதாக இருக்கும்.